பஞ்சு ஓட்டல்

புதுப் புடவையில் மஞ்சள் வைக்க வேணு விடவில்லை.

கஸ்தூரி கல்லில் மஞ்சள் கிழங்கை உரசி, விரல் நுனியில் தொட்டுக்கொண்டு, மடிப்புக் கலையாத அந்த அரக்குச் சிவப்புப் புடவையின் மூலையைத் தேடிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"கறை பட்டுரும். அப்படியே கட்டிக்கோ."

"ஓரத்துல ஒரு பொட்டுதாங்க. யாருக்கும் தெரியாது."

"வேணாம்னு சொல்றேன்ல. அந்தம்மா ஊர்ல புதுத்துணிய புதுசாவேதான் கட்டுவாங்க."

அந்தம்மா ஊரில் என்ன செய்வார்கள் என்பதுதான் ஒரு வருஷமாக அந்த வீட்டில் சட்டம். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுக்கிற வேணு, ஹெல்கா அம்மாவுக்கு ஓட்டல் நடத்த ஒரு பழைய பங்களாவைப் பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து, காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்வதையும் உறவுக்காரர்களோடு பேசுவதையும் விட்டிருந்தான். அந்தம்மா ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் மூச்சு. பாஸ்போர்ட் எடுத்து டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தான். "தனியாளா இருந்தா கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்றாங்க. எனக்குன்னு பொண்டாட்டி, அதுக்கு ஒரு பொட்டப்புள்ள" என்று கை கழுவும்போதெல்லாம் சொல்வான். கஸ்தூரி அதைக் கேட்டுக்கொண்டே தட்டை எடுப்பாள்.

கொஞ்ச நாளாக அவன் அதைச் சொல்வதில்லை. அதற்குப் பதில் அன்பாக இருந்தான். புடவை வாங்கி வந்தான். இன்றைக்கு முழம் முழமாக மல்லிகைப்பூ வாங்கி வந்து, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். கஸ்தூரி சந்தோஷப்பட முயற்சி செய்தாள். அவள் பிறந்த கீழ்பென்னாத்தூரில் மஞ்சள் வைக்காத புதுத்துணியை ஒரே ஒரு சமயத்தில்தான் உடுத்துவார்கள். உடுத்திக்கொள்கிறவர் அதற்குப் பிறகு எழுந்திருக்க மாட்டார். அந்த நினைப்பை அவள் விரலிலிருந்த மஞ்சளோடு சேர்த்துச் சுவரில் துடைத்துவிட்டாள்.

குழந்தை வள்ளியைப் பக்கத்து வீட்டு மணியம்மாளிடம் விட்டார்கள். பல் முளைக்கிற சமயம், கையில் கிடைத்ததையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தது.

"பால் குடிக்கிற நேரத்துக்குள்ள வந்துருவேன்க்கா. வள்ளிக்குட்டி, அம்மா போயிட்டு வரட்டா?"

குழந்தை அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. வேணு அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான்.

"நீங்களும் போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"வா, நேரமாச்சு" என்றான் வேணு.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கத்திரி வெயில். பொழுது சாய்ந்தும் மலைப்பாறை விட்ட அனல் தெருவரைக்கும் வந்தது. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகும்போது, தார் இளகிய வாடையும், சுடுமணலில் யாரோ தண்ணீர் தெளித்த வாடையும், அவள் தலையிலிருந்த பூவின் கனத்த வாசனையும் மாறி மாறி முகத்தில் அடித்தன. ஆசிரமத்தையெல்லாம் தாண்டி, வீடுகள் குறைந்து, வேலிக்காத்தான் முள் இரண்டு பக்கமும் நெருங்கிய மண்பாதையின் முடிவில் அந்தப் பங்களா நின்றது. பனி பெய்கிற தன் ஊரை இங்கே கொண்டுவந்துவிட்டதாக ஹெல்கா அம்மா பலகை எழுதி மாட்டியிருந்தாள். ஜன்னல் சட்டங்களிலும் கூரை விளிம்பிலும் நிலைப்படியிலும் பனி மாதிரி இலவம்பஞ்சைப் பசை தடவி ஒட்டியிருந்தாள். வெள்ளைக்காரர்கள் பம்பாயிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கேள்விப்பட்டு வந்து சாப்பிட்டார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பஞ்சு ஓட்டல் என்றார்கள், கிண்டல் செய்தார்கள், யாரும் சாப்பிட உள்ளே போனதில்லை.

வாசலில் கிணறு. அதைச் சுற்றிச் சேறு.

இத்தனை வெயிலில் அந்த இடம் மட்டும் நனைந்து, வெறுங்கால் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து, எல்லாம் வெளிவாசலைப் பார்த்துப் போயிருந்தன. உள்ளே வந்த தடம் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

"இங்க யாருங்க குளிக்கிறது?"

"சாப்பிட்டுப் போறவங்க. கிளம்பறப்ப தலைக்கு ஊத்திக்கிட்டுப் போவாங்க. வெயில் ஜாஸ்தியில்ல?"

"போட்டிருக்கிற துணியோடவா?"

"அவங்க பழக்கம் உனக்கு என்னா தெரியும்?"

கதவைத் திறந்ததும் குளிர் வந்து கணுக்காலைப் பிடித்தது. மின்விசிறிக் குளிர் இல்லை, வெட்டிவேர்த் தட்டிக் குளிரும் இல்லை. கல்லுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, நனைந்த மரத்தூளின் வாடையோடும் மெழுகுவர்த்திப் புகையோடும் எங்கோ தெளித்திருந்த பன்னீரின் வாசத்தோடும் தரையை ஒட்டியே வந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. நீள மேஜை, அதன்மேல் தரைவரை தொங்கும் வெள்ளைத் துணி. இரண்டு பக்கமும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார்கள். அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்த விதத்தில் மரியாதை இருந்தது. இதுவரை எந்த வீட்டிலும் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"நல்வரவு. உங்கள் இடம் இங்கே" என்றாள் ஹெல்கா அம்மா. புத்தகத்தில் படித்த தமிழ். உயரமான, எலும்பு தெரிகிற பெண். மேஜையின் தலைமாட்டில், கை வைத்த பெரிய நாற்காலியைக் காட்டினாள்.

"நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கிறேனே" என்றாள் கஸ்தூரி கணவனிடம்.

"விருந்தாளிக்குத்தான் அந்த எடம். உக்காரு. மானத்த வாங்காத."

அவன் மேஜையின் கடைசிக்குப் போய்விட்டான்.

கால் வைக்கிற இடத்தில் என்னவோ வழுக்கியது. துணியை விலக்கிக் குனிந்து பார்த்தாள். மேஜைக்கு அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பாளம் பாளமாக ஐஸ். இடுக்குகளில் மரத்தூள். உருகிய தண்ணீர் ஒரு தகரத் தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் செருப்பில்லாத பாதங்களை அதன்மேல் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பனியில் நடப்பது போல இருக்கும். நீங்களும் வையுங்கள்" என்றாள் ஹெல்கா அம்மா.

கஸ்தூரி வைத்தாள். விருந்துக்கு வந்த இடத்தில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. ஐஸ் பாளத்தை அவள் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறாள். அப்பா இறந்ததும் ஒரு கோடையில்தான். அண்ணன் வடக்கேயிருந்து ரயிலில் வந்து சேருகிறவரை டவுனிலிருந்து வேனில் ஐஸ் கொண்டுவந்து, பாய்க்கு அடியில் அடுக்கினார்கள். ராத்திரியெல்லாம் ஒப்பாரி ஓய்ந்த நேரங்களில் இதே சத்தம். சொட்டு. சொட்டு. பாயின் ஈர விளிம்பில் இதே மரத்தூள்.

வெள்ளையாக ஒரு சூப் வந்தது. அதன்பின் வெந்த உருளைக்கிழங்கு, அதன்பின் வெள்ளை மீன். வாயில் வைத்தாள். அதில் உப்பு இல்லை. குறைவு என்றால் நாக்குக்குத் தெரியும். இதில் உப்பு என்ற ஒன்றே கிடையாது. அவள் ஊரில் பேய்க்கு வைக்கிற கவளத்தில்தான் உப்புப் போடமாட்டார்கள். சுடுகாட்டு மேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள்.

அவள் மேஜையின் கடைசியைப் பார்த்தாள். வேணு தன் தட்டைத் தொட்டிருக்கவில்லை.

இதற்குள் ரவிக்கை நனைந்திருந்தது. வள்ளி பசித்து அழும் நேரம். எங்கோ இருக்கிற குழந்தையின் அழுகைக்கு இங்கே மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. முந்தானையை இழுத்துப் போர்த்தி, கை கழுவ வேண்டும் என்று சைகை காட்டி எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை.

சமையலறையில் அனல் இருந்தது. அடுப்பு எரிந்தது. அந்த அனலில் நின்றபோதுதான் தன் பாதங்கள் மரத்துப்போயிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அடுப்புக்கு முன்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண் பெரிய பாத்திரத்தில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வருகிற காசியம்மாள். மாசத்துக்கு இரண்டு தடவையாவது தெருவில் பார்த்துச் சிரிக்கிற முகம்தான். இப்போது அந்த முகம் பாத்திரத்தை விட்டு நிமிரவில்லை.

"காசிக்கா, கொஞ்சம் உப்பு குடேன். வாயில வைக்க முடியல."

"இந்த வூட்டுல உப்பு வைக்கிறதில்ல."

"கொஞ்சங்கூடவா?"

காசியம்மாளுடைய இடது கை முந்தானை நுனியிலிருந்த ஒரு முடிச்சின்மேல் போய் மூடிக்கொண்டது. முடிச்சு கனமாக இருந்தது. ஈரம் கசிந்து துணியில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அது உப்புதானே?"

"இது எனக்கு."

"ஒரு கல்லு குடுக்கா. ஒண்ணே ஒண்ணு."

"எனக்கும் புள்ளைங்க இருக்குது. உன் வூட்டுக்காரரு உங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"என்னா சொல்லணும்?"

காசியம்மாள் கரண்டியைச் சுற்றினாள். பாலுக்குள் அரிசி மிதந்து மறைந்தது.

பின்கதவு திறந்துதான் இருந்தது. முள்வேலிக்கு நடுவே ஆள் நுழைகிற சந்து. அதற்கப்பால் செங்கம் ரோட்டில் ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஆரன் அடித்தபடி டவுனைப் பார்த்துப் போயிற்று. ஓடினால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வள்ளிக்குப் பால் கொடுத்துவிடலாம். அவள் வாசற்படிவரை போனாள். ஒரு காலை வெளியே வைத்தாள். சூடான மண் பாதத்தைத் தொட்டது. தொட்டது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

பந்தியில் பாதியில் எழுந்து போகக் கூடாது. எழுந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் அது அவமானம், சாபம். பிறந்ததிலிருந்து அவள் அப்படி ஒரு தடவைகூடச் செய்ததில்லை. உப்பில்லாவிட்டாலும், கல் கடித்தாலும், கடைசி இலை எடுக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். சோறு போட்ட வீட்டிலிருந்து சொல்லாமல் ஓடிவந்தவள் என்று ஊர் பேசும். அவர் மறுபடியும் அன்பாக இல்லாமல் போய்விடுவார். இன்னும் ஒரே ஒரு பதார்த்தம்தானே, பாயசம் மாதிரி என்னவோ. தின்றுவிட்டு முறையாகச் சொல்லிக்கொண்டு போய்விடலாம்.

கஸ்தூரி காலை உள்ளே எடுத்தாள்.

"போவலியா நீ?" என்றாள் காசியம்மாள். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதி இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது மெழுகுவர்த்திகளில் பாதியை அணைத்திருந்தார்கள். தலைமாட்டில், அவள் நாற்காலிக்குப் பின்னால் மட்டும் ஒன்று புதிதாக எரிந்தது. உட்கார்ந்தாள். வலதுபக்கமிருந்த தாடிக்கார இளைஞன் கரண்டியைக் கீழே போட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்து, துணியை விலக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தான். அவன் நிமிர வெகுநேரம் ஆயிற்று. கஸ்தூரிக்குக் காலில் ஒன்றும் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை.

காசியம்மாள் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு வேகமாகப் போனாள். பாலில் அரிசி. அவளுக்கு மட்டும்.

"எங்கள் ஊர் வழக்கம்" என்றாள் ஹெல்கா அம்மா. "பனிக்காலத்தை அனுப்பிவைக்கும் விருந்து. விருந்தாளிக்கு எல்லோரும் ஒரு வாய் ஊட்டுவார்கள்."

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றார்கள்.

முதலில் ஹெல்கா அம்மா. அவள் இடது கையால் ஊட்டினாள். அரிசி வேகவில்லை. பல்லில் நறநறவென்று அரைபட்டது. பச்சரிசி. பாலில் நனைந்த பச்சரிசி.

கஸ்தூரிக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் வாயில் அவளும் போட்டிருக்கிறாள்.

"வேணாங்க" என்றாள்.

அடுத்தது தாடிக்காரன். அடுத்தது ஒரு கிழவி. அடுத்தது யாரோ. விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி. முகங்களில் கொடூரம் ஒன்றும் இல்லை. எல்லோரும் முறையாகச் செய்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரண்டியில் என்னவோ பல்லில் இடறியது. ஹெல்கா அம்மா அவள் வாய்க்குள் விரல் விட்டு அதை எடுத்தாள். ஒரு ரூபாய் நாணயம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்டினாள். எல்லோரும் தலையசைத்தார்கள். அதைக் கஸ்தூரியின் நெற்றியில், குங்குமத்துக்கு மேல் வைத்து அழுத்தினாள். அது ஒட்டிக்கொண்டது.

"நாணயம் கிடைத்தவர்தான் இன்று ராணி. இனி ராணிக்குக் கிரீடம்."

கஸ்தூரியின் மடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியை எடுத்தாள். தாடைக்கு அடியில் கொடுத்து, கன்னங்களை ஒட்டி மேலே கொண்டுபோய், உச்சந்தலையில் பூவுக்கு மேல் முடிச்சுப் போட்டாள். இறுக்கி. இனி வாய் அவ்வளவுதான் திறக்கும். ஒரு கரண்டி நுழைகிற அளவு.

கடைசியில் வேணு வந்தான்.

அவள் கண்ணால் கெஞ்சினாள். பல் இடுக்கு வழியாகக் காற்று மாதிரி சொன்னாள்.

"வள்ளிக்குப் பால்."

"மணியக்கா கிட்ட சொல்லிட்டேன். புட்டிப்பால் பழக்கிடும்."

எப்போது சொன்னான்? இன்றைக்கா? புடவை வாங்கின அன்றைக்கா?

"ஏங்க."

"வாயத் தொற கஸ்தூரி. சீக்கிரம் முடிஞ்சிரும்."

அவன் சிந்தாமல் ஊட்டினான். அவள் உதட்டோரத்தில் வழிந்த பாலைத் தன் விரலாலேயே துடைத்துவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்கு ஊட்டியதே இல்லை.

அப்புறம் எல்லோரும் போனார்கள்.

ஒருவரும் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வரேன் என்று ஒருவர் சொன்னால் போதும், பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். யாரும் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து போவதுபோல, தலையைக் குனிந்து, ஒருவர்பின் ஒருவராக. வேணுவும் அப்படித்தான் போனான்.

எழ வேண்டும். இப்போதே. நாற்காலியின் கைகளை ஊன்றினாள். இடுப்பு எழுந்தது. கால்கள் வரவில்லை. மேஜைத் துணியைக் கையால் வாரி இழுத்தாள்.

ஐஸ் பாளத்தின்மேல் அவள் பாதங்கள் சேர்ந்து கிடந்தன. நீலம் பாரித்து. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தது.

வெளியே கிணற்றில் வாளி விழுந்த சத்தம். கப்பி சத்தம். தண்ணீர். மறுபடியும் வாளி.

ஜன்னல் திரையை யாரோ விலக்கியிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தலையில் ஊற்றிக்கொண்டு போனார்கள். வேணுவின் முறை வந்தது. டெரிலின் சட்டையைக் கழற்றாமலேயே வாளியைத் தூக்கித் தலையோடு ஊற்றிக்கொண்டான். கையால் முகத்தை வழித்தான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்து, மறுபடியும் வைத்துக்கொண்டான். சைக்கிளை எடுத்தான். ஈரத் தடம் வெளிவாசலைப் பார்த்துப் போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்பில் வலி நின்றுவிட்டது. ரவிக்கையின் ஈரம் ஜில்லென்று இருந்தது. புதிதாக ஒரு சொட்டும் சுரக்கவில்லை.

அடியில் மட்டும். சொட்டு. சொட்டு.

ஹெல்கா அம்மா ஒரு முக்காலியை ஜன்னலுக்கு அருகில் போட்டு ஏறினாள். சட்டத்தில் ஒட்டியிருந்த பனியிலிருந்து கொஞ்சம் பிய்த்தாள். இறங்கி வந்து கஸ்தூரியின் எதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல், விளக்குக்குத் திரி திரிப்பதுபோல் அந்தப் பஞ்சை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினாள். ஒன்று. பிறகு இன்னொன்று. இரண்டும் ஒரே அளவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நன்றாக மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, ஒரு கையால் அவள் முகத்தை மெதுவாக நிமிர்த்தினாள்.

கஸ்தூரி இழுத்துக்கொண்டாள்.